உறைமோரிலிருந்து ஆரம்பிப்போம்: பாக்டீரியா எப்படி வளர்கிறது?

ஒன்பதாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "பாக்டீரியா வளர ஏற்ற சூழ்நிலைகள்" என்று கரும்பலகையில் தலைப்பு எழுதியதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், பாக்டீரியா எவ்ளோ பெரிசா வளரும்?" வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. கன்றுக்குட்டி வளர்கிறது என்கிறோம், முருங்கை மரம் வளர்கிறது என்கிறோம். இரண்டும் பெரிதாகின்றன. பாக்டீரியா வளர்கிறது என்றால் மட்டும் பொருள் வேறு என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கவே இல்லை. அதைச் சொல்லாமல் உணவு, ஈரம், வெப்பம் என்று பட்டியல் போட்டால் மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை நான் அடுக்களையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். பாலில் ஒரு ஸ்பூன் உறைமோர் ஊற்றத் தெரிந்த எவரும் பாக்டீரியா வளர்க்கத் தெரிந்தவர்தான். பாட்டிமார்கள் இதில் கைதேர்ந்தவர்கள். நாம் செய்ய வேண்டியது, அவர்கள் செய்வது ஏன் பலிக்கிறது என்று விளங்கிக்கொள்வது.

ஒன்று இரண்டாகிறது

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் இவற்றை வரிசையாக நிறுத்தினால் 500 நிற்கும். இது சுற்றியுள்ள உணவை உறிஞ்சிக்கொண்டு நீள்கிறது. உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வுக்கு ஒரு நகல் தயாராகிறது. உடம்பு ஏறக்குறைய இருமடங்கு நீளம் வந்ததும் நடுவில் ஒரு சுவர் எழும்பி, அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இப்போது இரண்டு பாக்டீரியாக்கள். இதில் தாய் எது, மகள் எது என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டும் நான்காகும்.

ஆக, பாக்டீரியாவின் வளர்ச்சி என்று அறிவியல் சொல்வது எண்ணிக்கை கூடுவதைத்தான். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொன்னபோது, "அப்போ அது குடும்பம் பெருகுற மாதிரியா டீச்சர்?" என்றாள். அதேதான்.

நல்ல உணவும் 37 டிகிரி செல்சியஸ் சூடும் கிடைத்தால் ஈ.கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இங்கே வகுப்பை நிறுத்தி ஒரு கணக்குக் கேட்பேன். இரவு 9 மணிக்கு, 37 டிகிரியிலேயே இருக்கும் ஒரு பாத்திரத்துப் பாலில் ஒரே ஒரு ஈ.கோலை விழுகிறது. காலை 5 மணிக்கு எத்தனை இருக்கும்? எட்டு மணி நேரத்தில் 24 முறை இரட்டிக்கும் என்று வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு பெரும்பாலும் "48" என்றுதான் பதில் வரும். யாராவது துணிந்து "ஆயிரம்" என்பார்கள்.

சரி, போட்டுப் பார்ப்போம் என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரு வரி எழுதச் சொல்வேன். 2, 4, 8, 16 என்று போகும். நள்ளிரவு 12 மணிக்கு வெறும் 512. "இவ்வளவுதானா" என்று முகம் வாடும். அதிகாலை 2 மணிக்கு 32,768. 4 மணிக்கு 20,97,152. 5 மணிக்கு 1,67,77,216. ஒன்று, ஒரே இரவில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கில் நான் அதிக நேரம் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 4:40 மணிக்கு எத்தனை இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அதில் சரிபாதி, சுமார் 84 லட்சம். அதாவது ஏழு மணி நாற்பது நிமிடம் உழைத்துச் சேர்த்த அளவுக்குக் கடைசி இருபது நிமிடத்தில் மட்டும் சேர்ந்திருக்கிறது. "சாயங்காலம்கூட நல்லாத்தானே இருந்தது, திடீர்னு கெட்டுப்போச்சு" என்று சாம்பாரைப் பற்றிச் சொல்கிறோமே, அந்தத் திடீர் இங்கேதான் இருக்கிறது. சாம்பார் திடீரென்று கெடுவதில்லை. வெகுநேரமாக நடந்துகொண்டிருந்த இரட்டிப்பு, நம் மூக்குக்கும் நாக்குக்கும் எட்டும் அளவை அப்போதுதான் தொட்டது.

அடுத்து ஒரு விபரீதக் கணக்கு. ஓர் ஈ.கோலையின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒன்றுமே இல்லாத எடை. ஆனால் அது இதே வேகத்தில் தடையில்லாமல் இரண்டு நாள் இரட்டித்தால் மொத்த எடை நம் பூமியின் எடையைப்போல 3,700 மடங்குக்கு மேல் வரும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பூமி இன்னும் இருக்கிறது. அப்படியென்றால் எதுவோ தடுக்கிறது. எது தடுக்கிறது என்ற கேள்விதான் இந்தப் பாடத்தின் மீதி முழுவதும்.

ஐந்து டம்ளர்

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செலவு அரை லிட்டர் பால்தான். பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் வரை ஆறவிட்டு, ஐந்து சுத்தமான டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள். டம்ளருக்கு நூறு மில்லி வரும். முதல் நான்கிலும் ஒரு ஸ்பூன் தயிரைக் கலக்குங்கள்.

முதல் டம்ளரை மூடி அடுக்களை மேடையில் வையுங்கள். இரண்டாவதை பிரிட்ஜில் வையுங்கள். மூன்றாவதைத் தயிர் கலந்த பிறகு ஒரு பாத்திரத்தில் ஊற்றி இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு மறுபடி டம்ளரில் ஊற்றி மூடுங்கள். நான்காவதில் இரண்டு பெரிய ஸ்பூன் உப்பு போட்டுக் கலக்குங்கள். ஐந்தாவதில் தயிரே வேண்டாம், பால் மட்டும். எல்லாவற்றிலும் எண் ஒட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்.

காலையில் முதல் டம்ளர் கெட்டித் தயிர். பிரிட்ஜில் வைத்தது பாலாகவே இருக்கும். கொதிக்கவைத்தது கொஞ்சம் திரிந்ததுபோல் தெரியலாம், ஆனால் தயிராக உறைந்திருக்காது. உப்புப் போட்டதும் உறைந்திருக்காது. ஐந்தாவது பெரும்பாலும் பாலாக இருக்கும், சில நாள் கெட்டும் போயிருக்கும். அந்த ஐந்தாவது டம்ளரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அதற்கு வருகிறேன். முதல் டம்ளரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரே பால், ஒரே தயிர். சூழ்நிலை மட்டும்தான் வேறு. பாக்டீரியா எங்கும் இருக்கிறது. வளருமா, சும்மா கிடக்குமா, சாகுமா என்பதைச் சூழ்நிலை முடிவு செய்கிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

முதல் டம்ளருக்குள் நடந்தது

ஊற்றிய தயிரில் கோடிக்கணக்கான லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உயிரோடு இருந்தன. புது இடத்துக்கு வந்ததும் அவை உடனே இரட்டிக்க ஆரம்பிப்பதில்லை. முதலில் அந்த இடத்துக்குத் தயாராகின்றன. பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கத் தேவையான நொதிகளை உண்டாக்குகின்றன, குளிரில் கிடந்திருந்தால் அந்தச் சேதத்தைச் சரிசெய்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும் இந்த நேரத்துக்குத் தயக்கக் கட்டம் என்று பெயர். பிரிட்ஜிலிருந்து எடுத்த பழைய புளித்த தயிரை உறைக்கு ஊற்றினால் நேரமாவதும், அன்று தோய்ந்த தயிரை ஊற்றினால் சட்டென்று உறைவதும் இதனால்தான்.

அப்புறம்தான் பாய்ச்சல். நாம் கணக்குப் போட்டோமே, அந்த இரட்டிப்பு நடக்கும் கட்டம் இது. பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. அமிலம் கூடக்கூட, பாலில் மிதந்துகொண்டிருந்த கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் பின்னிக்கொள்கிறது. அதைத்தான் நாம் தயிர் உறைந்தது என்கிறோம். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் இது 4.6ஐ ஒட்டி நடக்கிறது. அந்த அளவுகோலில் 7 என்றால் சுத்தமான தண்ணீர், எண் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது.

பிறகு வேகம் குறைகிறது. உணவு தீர்ந்துபோனதால் என்று பலர் நினைப்பார்கள். தயிரில் சர்க்கரை இன்னும் மிச்சம் இருக்கும்போதே வளர்ச்சி நின்றுவிடுகிறது. தான் விட்ட அமிலமே தனக்குத் தாங்க முடியாத அளவுக்குச் சேர்ந்துவிட்டது. பிறப்பதும் சாவதும் சமமாகி எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. அதைத் தாண்டி நாள்கணக்கில் வைத்தால் சாவது அதிகமாகி எண்ணிக்கை இறங்குகிறது. பூமியை 3,700 மடங்கு விழுங்கியிருக்க வேண்டிய கணக்கு ஒரு டம்ளருக்குள்ளேயே நின்றுபோவது இப்படித்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பாலில் வேறு பாக்டீரியாக்களும் விழுந்திருக்கும். அவை ஏன் ஜெயிக்கவில்லை? நாம் ஊற்றியது கோடிகளில் ஆரம்பித்தது, காற்றிலிருந்தும் கரண்டியிலிருந்தும் வந்தவை ஒன்று இரண்டில் ஆரம்பித்தன. அவை தயக்கக் கட்டம் தாண்டுவதற்குள் பால் புளித்துவிட்டது. உறை ஊற்றுவது என்பது நமக்கு வேண்டிய பாக்டீரியாவை ஓட்டப் பந்தயத்தில் வெகுதூரம் முன்னால் நிறுத்திவிட்டு விசில் ஊதுவது.

இட்லி மாவு இதைவிட அழகான கதை. அதில் நாம் எந்த உறையும் ஊற்றுவதில்லை. உளுந்தின் மேலேயே வேண்டிய பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஊறவைத்து அரைத்ததும் அவற்றுக்கு ஈரமும் உணவும் கிடைத்துவிடுகிறது. முதலில் லூக்கோனோஸ்டாக் என்ற இனம் பெருகுகிறது. அது அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடும். உளுந்தின் வழவழப்பில் அந்த வாயு சிக்கிக்கொள்வதால்தான் மாவு பொங்குகிறது. அமிலம் கூடியதும் அதைவிடப் புளிப்பைத் தாங்கக்கூடிய வேறு இனங்கள் கைமாற்றி வாங்கிக்கொள்கின்றன. ஓர் உயிர் தன் சூழ்நிலையை மாற்றி, அடுத்ததற்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. வகுப்பில் இதைக் காட்டுவது சுலபம். கண்ணாடி டம்ளரில் பாதி அளவு மாவு ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு மணிக்கு ஒருமுறை ஸ்கேலால் உயரத்தை அளந்து வரைபடம் போடச் சொல்லலாம். முதலில் படுத்துக் கிடக்கும் கோடு அப்புறம் செங்குத்தாக ஏறி, பிறகு தட்டையாகும். வாயுவின் அளவைத்தான் இது காட்டுகிறது என்றாலும் கட்டங்களின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சூடும் குளிரும்

மே மாதச் சென்னையில் இரவு கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரம் தாண்டி வழிந்திருக்கும். டிசம்பர் ஊட்டியில் அதே மாவைக் கம்பளியால் சுற்றி அடுப்பு ஓரமாக வைத்தும் மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். பாக்டீரியாவின் உடம்புக்குள் நடக்கும் வேதிவினைகள் குளிரில் மந்தமாகின்றன, சூட்டில் வேகமெடுக்கின்றன, ஓர் எல்லை தாண்டினால் அதன் புரதங்கள் வெந்துபோய்ச் செத்துவிடுகிறது. முட்டை வெந்து கட்டியாகிறதே, அதுபோல.

பிரிட்ஜில் வைத்த இரண்டாம் டம்ளரில் பாக்டீரியா சாகவில்லை. அதை எடுத்து வெளியே வைத்துப் பாருங்கள், சில மணி நேரத்தில் தயிராகும். 4 டிகிரி குளிர் அதன் வேகத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. பிரீசரும் அப்படியே, பெரும்பாலானவற்றைக் கொல்லாமல் நிறுத்தி வைக்கிறது. "பிரிட்ஜ்ல வெச்சா கிருமி செத்துடும்" என்று பல வீடுகளில் நம்புகிறார்கள், அது ஆபத்தான நம்பிக்கை. லிஸ்டீரியா என்ற கிருமியோ பிரிட்ஜ் குளிரிலேயே மெதுவாகப் பெருகக்கூடியது. கர்ப்பிணிகளுக்கு அது மிகக் கெடுதல்.

பொதுவாக 5 முதல் 60 டிகிரி வரையுள்ள சூட்டை உணவுப் பாதுகாப்பில் ஆபத்து மண்டலம் என்பார்கள். கல்யாண வீட்டில் பெரிய அண்டாவில் வடித்த சோறு ஆறுவதற்கு எவ்வளவு நேரமாகும்? அத்தனை நேரமும் அதன் நடுப்பகுதி இந்த மண்டலத்துக்குள் கிடக்கிறது. மிச்சமானதை ஆழமில்லாத தாம்பாளங்களில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது நல்லது. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால்கூடப் பாடம் நடத்திய பலன் கிடைத்துவிட்டது என்று நினைப்பேன்.

எல்லா பாக்டீரியாவும் இந்த மண்டலத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில், 70 டிகிரி சூட்டில் சுகமாக வாழும் ஒரு பாக்டீரியாவை 1960களில் தாமஸ் பிராக் கண்டுபிடித்தார். கொதிநிலையை நெருங்கும் சூட்டிலும் வேகாத அதன் நொதியை வைத்துத்தான் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆர். முறை எல்லா ஆய்வகங்களுக்கும் பரவியது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனை அந்த முறைதான்.

தண்ணீர் இருந்தும் இல்லாதது

துவரம்பருப்பு டப்பாவில் ஒரு வருடம் கெடாமல் இருக்கும். அதையே ஊறவைத்து மறந்துவிட்டால் மறுநாள் நாறும். பருப்பு அதேதான், ஈரம்தான் வந்து சேர்ந்தது. கருவாடு, வற்றல், மோர்மிளகாய், அப்பளம் எல்லாமே பாக்டீரியாவுக்குத் தண்ணீர் கொடுக்காமல் பட்டினி போடும் உத்திகள்.

தேனில் தண்ணீர் இருக்கிறது, ஊறுகாயிலும் இருக்கிறது. அவை ஏன் கெடுவதில்லை? அங்கே உள்ள தண்ணீரைச் சர்க்கரையும் உப்பும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கின்றன. பாக்டீரியாவால் அதை எடுக்க முடியாது. அதோடு, வெளியே உப்பு அதிகம் என்பதால் பாக்டீரியாவின் உடம்புக்குள் இருக்கும் தண்ணீரும் வெளியே இழுக்கப்பட்டுவிடுகிறது. உப்பில் புரட்டிய மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்களே, நான்காம் டம்ளரில் பாக்டீரியாவுக்கு நேர்ந்தது அதுதான். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போடாதே என்று அம்மா அதட்டுவது, அந்தக் கரண்டி தொட்ட இடத்தில் உப்பின் பிடி தளர்ந்துவிடும் என்பதால்.

புளிப்பும் இப்படி ஒரு காவல். நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 7ஐ ஒட்டிய பி.எச்.சில்தான் நன்றாக வளரும். அதனால்தான் பருப்பு சாம்பாரைவிடப் புளி தூக்கலான வத்தக்குழம்பு கூடுதலாகத் தாங்குகிறது. நம் இரைப்பை அமிலமும் விழுங்கும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். அங்கேயும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற ஒன்று, தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொண்டு வாழ்கிறது. வயிற்றுப் புண்ணுக்கு அது காரணம் என்று நிரூபிக்க ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். அவருக்கும் அவரோடு ஆய்வு செய்த ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

காற்று

காற்று வேண்டும் என்று பிள்ளைகள் உடனே எழுதிவிடுவார்கள். இங்கேதான் பாடம் தடுமாறும். காசநோய்க் கிருமிக்கு ஆக்சிஜன் அவசியம், நுரையீரலின் மேல்பகுதி அதற்குப் பிடித்த இடம். ஈ.கோலை ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளிக்கும். டெட்டனஸ் கிருமிக்கோ ஆக்சிஜனே விஷம். துருப்பிடித்த ஆணி குத்தினால் ஊசி போடச் சொல்கிறார்கள், துருதான் நோய் தருகிறது என்று ஊரே நினைக்கிறது. துருவுக்கும் டெட்டனஸுக்கும் சம்பந்தமில்லை. மண்ணில் கிடக்கும் கிருமியை ஆணி சதைக்குள் ஆழமாக, காற்றுப் புகாத இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. துருவே இல்லாத முள்ளும் அதைச் செய்யும்.

உணவும் ஒரு சமையலறை யோசனையும்

ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்க்க அதற்குச் சோறு போட வேண்டும். ஜெர்மனியில் கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் காக் முதலில் வெட்டிய உருளைக்கிழங்கிலும் பிறகு ஜெலட்டினிலும் வளர்த்தார். ஜெலட்டினில் ஒரு தொல்லை இருந்தது. கிருமிகளுக்கு ஏற்ற 37 டிகிரியில் அது உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதையே தின்றும் விடும். காக்கிடம் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி பேனி ஹெஸ்ஸே, 1881இல், தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகர் அகரைப் போட்டுப் பாருங்களேன் என்றார். வெயிலிலும் உருகாமல் இருக்கும் அந்தப் பண்டத்தைப் பற்றி அவர் அறிந்தது, ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த தெரிந்தவர்கள் மூலம். இன்றும் உலகமெங்கும் பாக்டீரியாவை அகரில்தான் வளர்க்கிறார்கள். அதை ஊற்றும் மூடி போட்ட தட்டை 1887இல் வடிவமைத்தவர் ஜூலியஸ் பெட்ரி. பெட்ரி தட்டு என்று அவர் பெயர் நிலைத்துவிட்டது. பேனியின் பெயர் பாடப்புத்தகங்களில் அநேகமாக வருவதே இல்லை, அதனால் நான் தவறாமல் சொல்கிறேன்.

கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கிறதே, அந்த அகர் கடற்பாசியிலிருந்து வருகிறது. ராமேசுவரம், பாம்பன் பக்கம் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பார்த்துவிட்டு, கதவுப் பிடியையும் கழிப்பறையையும் துடைத்து அகர் தட்டில் வளர்க்கிறேன் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஆபத்தான கிருமி எது வளரும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளியில் செய்தால் தட்டை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும், பிறகு திறக்கவே கூடாது, 37 டிகிரியில் வைக்கக் கூடாது, முடிந்ததும் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தோ குக்கரில் வேகவைத்தோதான் எறிய வேண்டும். ஆரம்பப் பாடத்துக்குத் தயிரும் இட்லி மாவும் போதும்.

ஐந்தாவது டம்ளர்

கோடையில் ஒருமுறை, கேள்வி கேட்ட அந்தப் பெண்ணே வந்து, "டீச்சர், என் அஞ்சாவது டம்ளர் கெட்டுப்போச்சு. நான் உறையே ஊத்தல, பாலையும் நல்லாக் கொதிக்கவெச்சேன், மூடியும் வெச்சேன். எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள். டம்ளரிலோ மூடியிலோ இருந்திருக்கலாம், ஆற வைத்தபோது காற்றிலிருந்து விழுந்திருக்கலாம். மூன்றாவது வழியும் உண்டு. அவை பாலுக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

சில வகை பாக்டீரியாக்கள் சூழ்நிலை மோசமாகும்போது தங்கள் டி.என்.ஏ.வைத் தடித்த உறைகளுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். வித்து என்று சொல்லலாம். அது சாப்பிடாது, வளராது, பிரியாது. ஆனால் கொதிக்கும் நீரையும் தாங்கும். பால் ஆறி வெதுவெதுப்பானதும் விதை முளைப்பதுபோல் விழித்துக்கொள்ளும். சோற்றிலும் இது நடக்கிறது. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலையில் சாவதில்லை. வடித்த சோறு வெகுநேரம் வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றைத் திரும்பச் சுடவைத்தால் சரியாகிவிடும் என்பது எல்லா நேரமும் பலிக்காததற்கு இதுதான் காரணம்.

வித்துகளைக் கொல்லக் கொதிநீரைவிடக் கூடுதல் சூடு வேண்டும். மருத்துவமனைகளில் ஆட்டோகிளேவ் என்ற கருவியில் அழுத்தத்தைக் கூட்டி நீராவியை 121 டிகிரிக்குக் கொண்டுபோய் 15 நிமிடத்துக்குக் குறையாமல் வைப்பார்கள். நம் பிரஷர் குக்கரின் தத்துவமும் அதேதான், அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். பாக்கெட் பால் இதற்கு நேர் எதிர். பாஸ்டர் முறையில் அதை 72 டிகிரியில் 15 நொடி சூடாக்குகிறார்கள். நோய்க்கிருமிகள் செத்துவிடும், வித்துகளும் சூடு தாங்கும் சில பாக்டீரியாக்களும் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் பாக்கெட்டையும் பிரிட்ஜில் வைக்க வேண்டியிருக்கிறது.

அவசரமே இல்லாதவை

இருபது நிமிடக் கணக்கைக் கேட்ட பிள்ளைகள் எல்லா பாக்டீரியாவும் அப்படி ஓடும் என்று நினைத்துவிடக்கூடாது. காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். ஈ.கோலை ஒரு கோடியைத் தாண்டும் எட்டு மணி நேரத்தில் இது ஒன்றாகவே இருக்கும். தொழுநோய்க் கிருமி இன்னும் மெதுவானது, ஒருமுறை இரட்டிக்கச் சுமார் இரண்டு வாரம். 1873இல் நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். இத்தனை காலமாகியும் எந்த ஆய்வகத்து அகரிலும் அதை வளர்க்க முடியவில்லை. அதற்கு என்ன உணவு போட வேண்டும் என்று மனிதனுக்கு இன்னும் பிடிபடவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற விலங்கின் உடலிலும்தான் வளர்க்கிறார்கள். ஆர்மடில்லோவின் உடல்சூடு நம்முடையதைவிடக் குறைவு. மனித உடம்பிலும் இந்தக் கிருமி விரல்கள், காது மடல், மூக்கு என்று குளிர்ந்த இடங்களையே தேடுகிறது.

இந்த மெதுவான வேகம்தான் காசநோய் மருந்தை ஆறு மாதம் சாப்பிடச் சொல்வதற்கு ஒரு முக்கியக் காரணம். பிரிந்துகொண்டிருக்கும் கிருமியை மருந்து சுலபமாகக் கொல்லும். சும்மா கிடக்கும் கிருமியைக் கொல்ல வெகுநாள் ஆகும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, எடை கூடி, உடம்பு தேறிவிட்டது என்று மருந்தை நிறுத்தினால் மிச்சமிருப்பவை பொறுமையாக இரட்டித்துத் திரும்பி வரும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியவர்களை மருத்துவமனையிலேயே படுக்கவைக்க வேண்டுமா, வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு விடை கண்டது. வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஆய்வு மையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இன்றும் இயங்குகிறது.

அதுபோன்ற ஆய்வகங்களில் சளி மாதிரியை, கிருமி வளர்வதற்கென்று முட்டை கலந்து செய்த கெட்டியான உணவில் தடவி 37 டிகிரியில் வைக்கிறார்கள். உணவு, ஈரம், சூடு, காற்று எல்லாம் கணக்காகக் கொடுக்கிறார்கள். அப்படியும் கண்ணுக்குத் தெரியும் திட்டு வர மூன்று வாரமாவது ஆகும். எதுவும் வரவில்லை, கிருமி இல்லை என்று எழுதிக் கொடுக்க எட்டு வாரம் காத்திருக்கிறார்கள்.